தவறினால் மட்டும் குறையட்டும்

அறிவியல் புனைகதையைக் களமாக்கி மேசையைச் சுற்றி ஆடும் பாத்திர ஆட்டங்கள் ஓரிடத்தில் அடிக்கடி சறுக்குகின்றன. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் வேறெவரிடமும் இல்லாத அரிய கருவியொன்றைக் கதைக்குள் இறக்குகிறார். அன்றிலிருந்து எந்தச் சிக்கலுக்கும் ஆட்டக்காரர்கள் அதையே நீட்டுகிறார்கள். எதிராளிக்கு வாய்ப்பில்லை, பகடைக்கும் வேலையில்லை.

இதற்கு ஏற்கெனவே இரண்டு விதிகள் உண்டு. 1978இல் வந்த ‘காமா வேர்ல்ட்’ ஆட்டம் கருவியின் சூட்சுமத்தைப் பகடையிடம் விட்டது. வரைபடத்தில் பகடை காட்டும் வழியே நகர வேண்டும். வழி பிசகினால் கருவி உடையும், ஆளும் காயப்படலாம். 2013இன் ‘நியூமெனெரா’ ஒருமுறை மட்டுமே பயன்படும் ‘சைஃபர்’களைக் கொடுத்து, ஒருவர் எத்தனை சுமக்கலாம் என்றும் வரம்பு கட்டியது. முன்னதில் அதிர்ஷ்டமே தலைவன். பின்னதில் புத்தியோடு பயன்படுத்தியவருக்கும் வீணடித்தவருக்கும் ஒரே செலவு.

இவற்றைவிடக் கூர்மையான விதி 2008இல் நம் இலங்கைக் கிரிக்கெட் மைதானங்களிலேயே அரங்கேறியது. இந்திய அணி இங்கு வந்த டெஸ்ட் தொடரில்தான், நடுவரின் தீர்ப்பை எதிர்த்து அணிகள் முறையிடும் டி.ஆர்.எஸ். முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. ஓர் இன்னிங்ஸில் மூன்று முறையீடுகள்வரை தோற்கலாம். வென்ற முறையீடு கணக்கில் குறையாது. இரு அணிக்கும் ஒரே கமரா, ஒரே விதி. ஆனால் இலங்கைக்குப் பலித்தவை 11, இந்தியாவுக்கு ஒன்றே ஒன்று. கருவி சமம், எப்போது கேட்பது என்ற கணிப்பில்தான் இடைவெளி. அதற்காகக் கருவி ஆட்டத்தை விழுங்கிவிடவுமில்லை. அஜந்த மெண்டிஸின் 26 விக்கெட்டுகள்தான் தொடரை 2–1 என இலங்கைப் பக்கம் சாய்த்தன. காலியில் சேவாக் ஆட்டமிழக்காமல் எடுத்த 201 ஓட்டங்கள் இந்தியாவுக்கும் ஒரு வெற்றி தந்தன.

இந்த விதியை மன்னார்த் தீவின் மீனவ ஊரான பேசாலைக்குக் கொண்டுவருவோம். 1970களில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் உதவியோடு இங்கு எண்ணெய்க் கிணறு தோண்டியது. விற்கத்தக்க எண்ணெய் கிடைக்கவில்லை. இனிமேல் கற்பனை: துளைகருவியோடு கடலடியைக் காட்டும் பொறியொன்று மேலே வருகிறது, அது மீன்பிடி முதலாளியான ஒரு சம்மாட்டியின் கைக்குப் போகிறது. மீன் எங்கே நிற்கிறது என்று ஆட்டக்காரர் முதலில் சொல்ல வேண்டும். சொன்னது சரியென்றால் பொறி ஆழத்தையும் அளவையும் காட்டும், வாய்ப்புகளின் எண்ணிக்கை குறையாது. பிழையென்றால் மூன்று வாய்ப்புகளில் ஒன்று போய்விடும். மூன்றாவது பிழையோடு பொறி அணைந்துவிடும்.

இப்போது வாடைக்காற்றையும் நீரோட்டத்தையும் விசாரிக்காமல் யாரும் பொறியைத் தொடமாட்டார்கள். அதே பொறியைப் போட்டிச் சம்மாட்டிக்கும் கொடுத்துவிட்டால் ஆட்டம் இன்னும் சூடுபிடிக்கும்.

கேம் மாஸ்டர்களுக்கு ஒரு யோசனை: மீதமுள்ள வாய்ப்புகளின் எண்ணிக்கையை மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும்போது யார் கேட்கத் துணிகிறார் என்பதில்தான் ஆட்டக்காரரின் தரம் தெரியும்.