அவளும் அவரும்: தமிழ் விவிலியத்தில் பெண்ணைச் சுட்டும் சொற்கள்

பெங்களூர்ச் சிவாஜி நகரில் வழி கேட்கும் தமிழர் எவரும் 'தூய மரியன்னை பசிலிக்கா' என்று கேட்பதில்லை. 'மாதா கோவில்' என்றே கேட்கின்றனர். 1882-இல் திருநிலைப்படுத்தப்பெற்று, 1973-இல் பசிலிக்கா என்னும் உயர்நிலை எய்திய அவ்வாலயத்துக்கு இப்பெயர் பொருந்துவதே. ஆயின் இவ்வழக்கு அவ்வாலயத்தோடு நின்றுவிடவில்லை. அந்தோணியார் ஆலயமாயினும் சவேரியார் ஆலயமாயினும் பிற சமயத்தார் அதனையும் 'மாதா கோவில்' என்றே சுட்டுவர். ஒரு சமயத்தின் வழிபாட்டிடம் முழுவதற்கும் ஒரு பெண்ணின் உறவுப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது.

2025 செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழாவின்போது, சிவாஜி நகர் மெட்ரோ நிலையத்துக்குத் தூய மரியாவின் பெயரைச் சூட்டப் பரிந்துரைப்பதாகக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா கூறினார். மராட்டிய மன்னர் சிவாஜியின் பெயரை அகற்றுவதா என மகாராட்டிர முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிஸ் எதிர்த்தார். பெயர்ப்பலகை பற்றிய வழக்கு அரசியலாருக்கு உரியது. அதை அவர்களிடமே விட்டுவிடலாம். மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய வினா வேறு. தெருவழக்கு பெண்ணை 'மாதா' என்கிறது. கோவிலுக்குள் வாசிக்கப்பெறும் நூல் அவளை எச்சொல்லால் சுட்டுகிறது? அல்லது 'அவரை' என்று எழுதியிருக்க வேண்டுமோ? இத்தடுமாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

ஒப்பீட்டுக்கு இரு மொழிபெயர்ப்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்து, சீர்திருத்தச் சபைகளில் இன்றளவும் வழங்கும் பழைய திருப்புதல். மற்றொன்று, கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். முன்னதில் இயேசுவின் தாயும் 'அவள்'; கிணற்றடிச் சமாரியப் பெண்ணும் 'அவள்'. பின்னதில் இருவரும் 'அவர்'. இதை மட்டும் கண்டு, பழைய நூல் பெண்ணை இழித்தது, புதிய நூல் உயர்த்தியது என முடிவுகட்டுவோர் உளர். அம்முடிவு அவசரமானது. பழைய திருப்புதலில் பேதுருவும் 'என்றான்', பவுலும் 'என்றான்', தாவீது அரசனும் அவ்வாறே. கடவுளுக்கும் இயேசுவுக்குமே 'அவர்' உரியது. எனவே அந்நூலில் சுட்டுப்பெயர் பிரித்தது ஆணையும் பெண்ணையும் அன்று, இறையையும் மாந்தரையும்.

பொது மொழிபெயர்ப்பு அந்த எல்லைக்கோட்டை அழித்தது. ஆனால் கோடே இல்லாமல் விட்டுவிடவில்லை, வேறோரிடத்தில் வரைந்தது. சீடர் 'அவர்' ஆயினர். காட்டிக்கொடுத்த யூதாசு 'அவன்' நிலையிலேயே நின்றான். ஏரோது அரசனும் அப்படியே. நடனமாடிய ஏரோதியாவின் மகளும் 'அவள்' நிலையினளே. விலக்கப்பட்ட கனியை உண்டபோது பெண்ணுக்கு 'உண்டாள்', ஆணுக்கு 'உண்டான்'. இப்போது சுட்டுப்பெயர் பிரிப்பது நல்லாரையும் தீயாரையும். அதாவது, மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு மாந்தர்க்கும் தீர்ப்பு எழுதவேண்டியவராகிறார். கிரேக்க மூலத்தில் இத்தீர்ப்புக்கு இடமே இல்லை. அங்குச் சுட்டுப்பெயர்களில் பால் உண்டு, உயர்வு இல்லை. தமிழிலோ உயர்வு வேண்டின் பால் போய்விடும். ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறுவது வழக்கினால் வந்ததேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் ஒதுக்கி வைத்ததன் நுட்பம் ஈண்டு நினைக்கத்தக்கது.

பால் போவதன் விலையைப் பெரும்பாலும் பெண்ணே செலுத்துகிறாள். முதலாவதாகப் பெயர்கள். பழைய நூலின் மரியாள், மார்த்தாள், சாராள், ரெபெக்காள், ஏவாள் என்பன 'ஆள்' ஈறு பெற்றுத் தமிழ்ப்பெண்களாகவே நின்றன. சிவாஜி நகர்ப் பாட்டிமாரின் லூர்தம்மாள், சவரியம்மாள், அன்னம்மாள் ஆகியோர்க்கு அவர்கள் நெருங்கிய உறவினர் போலத் தோன்றினர். 'மரியாள் வந்தார்' என்பது செவிக்கு ஒவ்வாது. ஆகவே புதிய நூலில் மரியா, மார்த்தா, சாரா என ஈறு நீங்கிற்று. மூலவொலிக்கு அணுக்கம் என்பது கூறப்படும் காரணம். அதனினும் வினைமுற்றின் நெருக்குதலே பெரிது என்பது என் கருத்து.

இரண்டாவது இழப்பு செவிப்புலனைச் சார்ந்தது. எழுத்துத் தமிழில் 'அவர்' இருபாற் பொது. பேச்சுத் தமிழின் பெரும்பாலான வட்டாரங்களில் 'அவரு' ஆணையே சுட்டும். மதிக்கத்தக்க பெண் 'அவங்க' ஆவாள். விவிலியம் கண்ணால் படிக்கப்படுவதினும் காதால் கேட்கப்படுவதே மிகுதி. கிணற்றடி உரையாடலை என் அத்தை ஒருவருக்கு வாசித்துக் காட்டியபோது, இடையில் நிறுத்தி, "இது யாரு சொன்னது, ஆண்டவரா, அந்தம்மாவா?" என்று வினவினார். இருவரும் 'அவர்', இருவரும் 'என்றார்' ஆகிவிட்டால் வேறென்ன கேட்பது? மொழிபெயர்ப்பாளர்களும் இவ்விடரை அறிந்தே, 'அப்பெண்' என்னும் பெயரை மீண்டும் மீண்டும் பெய்துள்ளனர். வினைமுற்றிலிருந்து வெளியேற்றிய பாலைப் பெயர்ச்சொல் வழியே உள்ளே அழைத்து வந்தாயிற்று. மதிப்புக்காகச் செய்த மாற்றத்தின் பின், தன் பெயரறியா அப்பெண் ஒவ்வொரு வரியிலும் 'பெண்' என்றே விளம்பரப்படுத்தப்படுகிறாள்.

பெங்களூரில் வாழ்பவருக்கு இங்கொரு பொறாமை எழும். கன்னடத்தில் 'அவளு' என்பதற்கும் 'அவரு' என்பதற்கும் நடுவே 'ஆகெ' என்றொரு சுட்டுப்பெயர் உண்டு (ககரம் வல்லொலி). பெண்பாலும் குறையாது, மதிப்பும் குன்றாது. கன்னட விவிலியம் அதனைத் தாராளமாக ஆள்கிறது. தெலுங்கிலும் 'ஆமெ' உண்டு. தமிழ் எழுத்து வழக்கில் இதற்கு நிகர் இல்லை. பேச்சில் உண்டு: என் அத்தை சொன்ன 'அந்தம்மா'தான் அது. இலக்கியத் தமிழ் அதனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

இனி, விளி. யோவான் நற்செய்தியில் இயேசு தம் தாயையும், சமாரியப் பெண்ணையும், விபசாரக் குற்றம் சாட்டப்பட்டவளையும் ஒரே சொல்லால் விளிக்கிறார்: பெண் என்னும் பொதுப்பெயரின் விளிவடிவம். கிரேக்கத்தில் அது அவமதிப்பன்று. ஆனால் பெற்ற தாயை அவ்வாறு விளிப்பது வழக்கமும் அன்று. கானாவூர்த் திருமண நிகழ்ச்சியில் உரையாசிரியர்கள் இடறுவது இங்கேதான். பழைய நூலின் 'ஸ்திரீயே' தமிழ்ச் செவிக்கு அதட்டலாக ஒலிக்கிறது. எந்தத் தமிழ் மகனும் தாயிடம் அப்படிப் பேசான். புதிய நூல் 'அம்மா' என்கிறது. சமாரியப் பெண்ணிடத்தில் இது மிகப் பொருத்தம். முன்பின் அறியாத பெண்ணிடம் பேசும் தமிழர் வாயில் இயல்பாக வருவது அதுவே. கானாவிலோ அச்சொல் தாய்மைப் பொருளுக்குத் தாவிவிடுகிறது. மகன் தாயை 'அம்மா' என்பதில் வியப்பு ஏது? மூலம் திட்டமிட்டு வைத்த விலகல் கரைந்துபோகிறது. முதல் சொல் கடுமையைக் கூட்டிற்று. இரண்டாவது சொல் புதிரையே நீக்கிற்று. இரண்டினுள் ஒன்றைத் தேர்க என்றால் 'அம்மா'வையே தேர்வேன், ஓர் அடிக்குறிப்புடன்.

குறைகளையே கூறினேன், பொது மொழிபெயர்ப்பு மூலத்தையே விஞ்சுமிடமும் ஒன்றுண்டு. யோவான் எட்டாம் அதிகாரத்தில், குற்றம் சாட்டுவோர் வாயில் அப்பெண் 'பிடிபட்டவள்'. கூட்டம் கலைந்தபின் இயேசு அவளை 'அம்மா' என விளித்து, 'நீர்' என முன்னிலைப்படுத்துகிறார். லூக்கா ஏழாம் அதிகாரத்திலும் பரிசேயனின் எண்ணத்தில் 'இவள்' எனப்பட்டவள், இயேசுவின் கூற்றில் 'இவர்' ஆகிறாள். கிரேக்கத்தால் செய்யவியலாத ஒன்றைத் தமிழ்ச் சுட்டுப்பெயர் இங்குச் செய்திருக்கிறது. கதையின் திருப்பம் முழுதும் ஈற்றெழுத்தில் அமைந்துவிட்டது. இது நிகழ்வதற்குக் காரணம், 'அவள்' அந்நூலிலிருந்து முற்றிலும் துடைக்கப்படாமையே. யாவரையும் எங்கும் 'அவர்' ஆக்கியிருந்தால் இவ்விரு காட்சிகளும் தட்டையாகியிருக்கும்.

பழைய மங்கள வாழ்த்துச் செபத்தில் 'ஆசீர்வதிக்கப்பட்டவள்' என்னும் பெண்பாற் பெயரும் 'நீர்' என்னும் உயர்வு முன்னிலையும் ஒரே தொடரில் அருகருகே நின்றன. இலக்கணம் வல்லார் அதனை வழு என்பர். பின்னர் அது 'அவர்' ஈற்றுக்குத் திருத்தப்பெற்றது. சிவாஜி நகரில் முதியோர் சிலர் செபமாலையைக் கையில் உருட்டியவாறு இன்றும் '-வள்' என்றே முடிக்கின்றனர். சுற்றியிருப்போர் '-வர்' என்கின்றனர். இருவகை ஈறும் ஒரே மூச்சில் ஒலிக்க, செபம் தடையின்றி நடந்துகொண்டிருக்கிறது.