ஆளுக்கேற்ற உணவு: அளப்பது எதை?

2015இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் எரான் செகல், எரான் எலினவ் குழுவினர் 800 பேரின் ரத்தச் சர்க்கரையை ஒரு வாரம் தொடர்ந்து அளந்தார்கள். ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை எகிறவைத்தது; இன்னொருவருக்கு லேசாகவே ஏற்றியது. குடல் நுண்ணுயிர்களையும் உடல் அளவுகளையும் கொண்டு, யாருக்கு எது ஏற்றும் என்று கணினியால் ஓரளவு முன்கூட்டியே சொல்லவும் முடிந்தது. பிறகு பிரிட்டனில் நடந்த பிரெடிக்ட் ஆய்வில், ஒரே மரபணு கொண்ட இரட்டையரிடையே கூட வேறுபாடு தெரிந்தது. ஆளுக்கேற்ற உணவு என்ற எண்ணம் இந்த உண்மையில்தான் நிற்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் சர்க்கரை ஏற்றம் வேறு, மாரடைப்பு வேறு. சோற்றைக் குறைத்து வெண்ணெயைக் கூட்டினால், கையில் ஒட்டிய சர்க்கரைக் கருவி காட்டும் கோடு அழகாகத் தட்டையாகும். எல்டிஎல் கொழுப்போ ஏறக்கூடும். ரத்தக்குழாயை அடைப்பதில் எல்டிஎல்லின் பங்கு ஐயமற நிறுவப்பட்டது. நீரிழிவு இல்லாதவருக்குச் சாப்பிட்டபின் வரும் சிற்றேற்றத்துக்கு எதிராக அத்தகைய சான்று இல்லை. இதயத்தைக் காக்க வந்த திட்டம் சர்க்கரைக் கோட்டை மட்டும் நம்பினால், அதை நான் சிறு குறையாகக் கருதமாட்டேன்.

கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஸோ என்ற ஆளுக்கேற்ற உணவுத் திட்டத்தின் சோதனை 2024இல் வெளிவந்தது. 347 பேர், 18 வாரங்கள். டிரைகிளிசரைடு என்ற ரத்தக்கொழுப்பு சற்றுக் குறைந்தது. எல்டிஎல்லில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்ததோ வழக்கமான பொது அறிவுரைதான். பலன் தந்தது தனிக் கணக்கா, கூடுதல் கவனிப்பா?

இதற்கு ஏழு ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஃபுட்ஃபார்மீ ஆய்வு பதில் வைத்திருக்கிறது. அவரவர் உண்பதைப் பார்த்துச் சொன்ன அறிவுரை, பொது அறிவுரையைவிட நன்றாக வேலைசெய்தது. ரத்தப் பரிசோதனையும் மரபணுச் சோதனையும் அதற்குமேல் எதையும் கூட்டவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் ஓராண்டு நடந்த டயட்ஃபிட்ஸ் ஆய்விலும், யாருக்கு எந்த உணவுமுறையில் எடை குறையும் என்பதை மரபணு காட்டிக்கொடுக்கவில்லை. ஆக, தேவைப்படுவது பொறுமையாகக் கேட்கும் உணவியல் வல்லுநர்.

மேற்சொன்ன ஆய்வுகளைப் போலன்றி, ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு நோயையே எண்ணியது. இதயநோய் அபாயம் மிகுந்த 7,447 பேரில், ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவை உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மொத்தத்தில் சுமார் 30 சதவீதம் குறைந்தன. முறைக் குறைபாடுகளைத் திருத்தி 2018இல் மறுபடி வெளியிட்டபோதும் முடிவு மாறவில்லை. அது எல்லோருக்கும் பொதுவான உணவுமுறை. ஆளுக்கேற்ற திட்டம் எதற்கும் இன்றுவரை இப்படியொரு சான்று இல்லை.

இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு அதே சர்க்கரைக் கருவி உயிர்காக்கும் துணை. தாழ்சர்க்கரையை முன்கூட்டியே எச்சரிக்கிறது. அவர்களில் பலருக்கு அது எட்டாத விலையில் இருக்கிறது. நோயற்றவர்களிடம் அதை விற்பதற்குமுன், முதலில் இவர்கள் கைக்கு அது வர வேண்டும்.