மருவூர்ப்பாக்கமும் பழவேற்காடும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை காட்டும் மருவூர்ப்பாக்கம், புகாரின் கடலோரச் செல்வப் பகுதி. அதனைப் போற்றுவோர் பெரும்பாலும் யவனர் இருக்கைகளோடு நின்றுவிடுகின்றனர். இளங்கோவோ மீன் விற்கும் பரதவரையும் உப்பு விற்போரையும் அதே வரிசையில் வைத்துப் பாடுகிறார். அகன்ற பார்வைதான், எனினும் பழவேற்காட்டு மீனவக் குப்பங்களை மனத்திற்கொண்டு படிக்கும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. அங்கே விற்பனை உண்டு, வலை வீசும் உழைப்பு இல்லை.

பழவேற்காட்டைப் பற்றி எழுதுவோர் பலரிடம் அந்த அகலமும் இல்லை. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையும் அவர்தம் கல்லறைகளுமே அவர்களுக்கு ஊர். அதற்கு முன்பே இங்கிருந்து மலாக்காவுக்குத் துணி ஏற்றிய முஸ்லிம் வணிகருக்கு ஓரிரு வரிகளே. ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் மீனவர் ஏற்பாட்டுக்கு அவ்வரிகளும் கிடைப்பதில்லை.