ஏழாவது கம்பியின் தாளம்

வீணையில் 7 கம்பிகள். அவற்றில் நான்கு ராகம் பாடும். பக்கவாட்டில் இருக்கும் மூன்றும் தாளம் போடும். ஏழு கம்பி எலெக்ட்ரிக் கிடாரை ரசிக்க விரும்புகிறவர் இங்கிருந்தே தொடங்கலாம். ஆறு கம்பிகளுக்கு மேல் கூடுதலாக வந்த அந்தத் தடித்த கம்பி, ஹெவி மெட்டலில் பெரும்பாலும் தாளக் கம்பியின் வேலையைத்தான் பார்க்கிறது.

வீணையின் தாளக் கம்பிகள் மெலிதாகக் கணீரென ஒலிக்கும். கிடாரின் ஏழாவது கம்பியோ அடியில் உறுமும். வழக்கமான கிடாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிரும் என்றால், இது 62 முறைதான். 1990இல் கிடார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் நிறுவனம் வெளியிட்ட ‘யூனிவர்ஸ்’ கிடார் இதை ராக் மேடைக்குக் கொண்டுவந்தது. 1994இல் கோர்ன் குழு தன் முதல் ஆல்பத்தில் சுருதியை இன்னும் இறக்கி, கிடாரையே தாளவாத்தியம் போல அடித்தது. அதைக் கேட்கும்போது காலால் மிதிக்கும் டிரம்மும் இந்தக் கம்பியும் ஒரே நொடியில் விழுவதைக் கவனியுங்கள். இரண்டு அடிகளுக்கு நடுவே வரும் மௌனத்தை இன்னும் கூர்ந்து கேளுங்கள். உள்ளங்கை ஓரத்தைக் கம்பிமேல் வைத்து அடக்கும் அந்தப் பிடியில்தான் இந்த இசையின் கனம் இருக்கிறது.

வாங்கும்போதும் இதே காதுதான் துணை. ஆம்ப் போடாமல் ஏழாவது கம்பியை முதலில் தட்டிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் எந்த டிஸ்டார்ஷனும் அதைக் காப்பாற்றாது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம், அதாவது ஸ்கேல், பொதுவாக 25.5 அங்குலம். 26.5 அல்லது 27 அங்குலமானால் அதே சுருதியில் கம்பி விறைப்பாக நிற்கும். ஆனால் மெல்லிய கம்பிகளை வளைக்கக் கூடுதல் பலம் வேண்டும், ஃப்ரெட்டுகளுக்கு இடையிலான தூரமும் கூடிவிடும். என் தேர்வு 26.5.

சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டி வாசகருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத பூமி என்பதால்தான் சிவகாசியைச் சுற்றித் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றின. அதே வறண்ட காற்று கிடாரின் மரத்தைச் சுருக்கும். உலோக ஃப்ரெட் சுருங்காது. அதனால் சென்னையின் கடற்காற்றில் வழவழப்பாக இருந்த நெக், ஒரு கோடை கழிந்ததும் ஓரங்களில் விரலைக் கீறும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து ஃப்ரெட் முனைகளை அரம் போட்டுச் சரிசெய்யலாம், பயப்பட வேண்டாம். பல மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த நெக் வளைவதும் குறைவு. வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் வையுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். முதல் ஏழு கம்பிக் கிடாருக்கு அசையாத பிரிட்ஜே போதும்.

மதுரையிலோ சென்னையிலோ வாங்கப் போகும்போது, கடைக்காரர் வேகமாக வாசித்துக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்களே கையில் வாங்கி ஏழாவது கம்பியை அடியுங்கள், உடனே உள்ளங்கையால் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் அது இழுத்துக்கொண்டே போனால், அந்தக் கிடார் வேண்டாம்.