ஓர் இரவுக்கான தையல்

அக்டோபர் 31 மாலை, அமெரிக்கத் தெருக்களில் வேடம் போட்டு மிட்டாய் கேட்டுவரும் பிள்ளைகளில் யாருடைய உடை வீட்டில் தைத்தது என்பதை அதன் தளர்விலேயே கண்டுகொள்ளலாம். வடக்கு மாநிலங்களில் அப்போது நல்ல குளிர். உள்ளே ஸ்வெட்டர் போட இடம்விட்டு, கால் தடுக்காதபடி ஓரத்தை ஏற்றித் தைத்திருப்பார்கள். கடையில் வாங்கிய உடை என்றால் மேலே கோட்டை மாட்டி வேடத்தையே மறைக்க வேண்டிவரும். ஹாலோவீன் தையலை நான் மதிப்பது முதலில் இந்த அளவுப் பொருத்தத்துக்காகத்தான்.

அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் பெருமைகள் பலவற்றை ஏற்க முடியவில்லை. அந்தக் காலக் கைவேலை வியாபாரம் தீண்டாதது என்பார்கள். மாசசூசெட்ஸின் டென்னிசன் நிறுவனம் 1909இல் வெளியிடத் தொடங்கிய 'போகி புக்' கையேடுகள், அந்த நிறுவனமே விற்ற கிரேப் காகிதத்தில் வேடமும் அலங்காரமும் செய்யக் கற்றுக்கொடுத்தன. பூசணிக்குள் மெழுகுவர்த்தி எரியும் இரவில், எளிதில் தீப்பற்றும் காகிதத்தை உடம்பில் சுற்றியிருந்தார்கள் பிள்ளைகள்.

சிக்கனம் என்பதும் பாதி உண்மைதான். துணி, காகித மாதிரி, ஜிப், நூல் எல்லாம் புதிதாக வாங்கினால் கடை உடையின் விலையைத் தாண்டிவிடும். பழைய போர்வையையோ பெரியவர் சட்டையையோ வெட்டித் தைத்தால்தான் மிச்சம். பிளாஸ்டிக்கைத் தவிர்க்கிறோம் என்ற நிறைவும் அப்படியே. ஓரம் பிசிறாது, மடித்தடிக்க வேண்டாம் என்று எல்லாரும் எடுக்கும் ஃப்ளீஸ் பெரும்பாலும் பாலியஸ்டர். வீட்டில் தைப்பவர்களுக்கு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே, பறக்கும் மெல்லிய துணியும் அகலக் கையும் வேண்டாம், நைலானோ பாலியஸ்டரோ எடுங்கள் என்று சொல்கிறது. தீயை நினைத்தால் அந்த அறிவுரையைத் தள்ளவும் முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. அக்டோபர் கடைசி வாரத்தில் நள்ளிரவு வரை இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அம்மாக்கள். வேலைக்குப் போய்வந்த பிறகு அதைச் செய்ய முடியாதவருக்கு, கடையில் வாங்கியது அன்புக் குறைவாகத் தோன்றும்படி ஆக்கிவிட்டோம். இது அநியாயம். கோணலாக வந்தாலும் பிள்ளை தானே வெட்டி ஒட்டிய அட்டை முகமூடி போதும். அதில் கற்பதும் பிள்ளைதான்.

தையல் தெரிந்தவர்களின் நேரம் போய்ச்சேர வேண்டிய இடங்கள் உண்டு. மாதம் நிறையாமல் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தைகளுக்குத் தன்னார்வலர்கள் உள்ளங்கை அளவு வேடம் செய்து தருகிறார்கள். குழாய்களையும் கம்பிகளையும் அசைக்காமல் மேலே வைக்கும்படி இருக்க வேண்டும். ஓரிகானில் தொடங்கிய 'மேஜிக் வீல்சேர்' அமைப்பு, சக்கர நாற்காலியையே கப்பலாகவோ டிராகனாகவோ மாற்றிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தருகிறது. ஒவ்வோர் உடலுக்கும் தனி அளவு எடுத்தாக வேண்டிய இந்த வேலையை ஆலைகளிடம் எதிர்பார்க்க முடியாது.

இப்படித் தைப்பவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்து அரை கஜம் வெட்டி வாங்கிய இடங்களும் குறைந்துவருகின்றன. ஏறக்குறைய 800 கடைகள் வைத்திருந்த அமெரிக்கத் துணிக்கடை நிறுவனமான ஜோஆன், 2025 மே மாதத்தோடு எல்லாவற்றையும் மூடிவிட்டது.