பொய்மணமும் மெய்யுறவும்: 'பதாயி தோ' பற்றிய ஒரு குறிப்பு

ஹர்ஷவர்த்தன் குல்கர்ணியின் 'பதாயி தோ' (2022) என்னும் இந்தித் திரைப்படத்தை வெறும் நகைச்சுவைச் சித்திரமென ஒதுக்குதல் எளிது. தேராதூனில், தன்பாலின விருப்புடைய பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் அத்தகைய உடற்பயிற்சி ஆசிரியை ஒருவரும் உற்றாரின் நெருக்குதலுக்குத் தப்பத் தம்பதியராக நடிக்கின்றனர். இருவரும் இயல்பால் முரண்பட்டவர்கள். பொய்மணத்திலும் அவன் ஆணதிகாரத்தைக் கைவிடுவதில்லை. படத்தின் கூர்மையான நகை பிறப்பது அங்கேதான். மணம் பொய், அது சுமத்தும் உறவுமுறையோ மெய்யாகவே தொழிற்படுகின்றது.

ஆயின் இந்நடிப்புக்கொரு பொருளாதார அடித்தளம் உண்டு: இரு சம்பளங்கள், பொலிஸ் குடியிருப்பில் கதவடைக்கத்தக்க ஒரு வீடு. இயக்குநர் இதனைக் காட்டுகிறார், வினவுவதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தையண்டிய பாலையூற்றிலிருந்து நோக்கும் எனக்கு உறுத்துவது இதுவே. நாட்கூலியை நம்பி, ஓரறையில் பலர் உறங்கும் வீட்டில் வாழ்பவருக்கு நடிப்பதற்கேனும் தனியிடம் ஏது? வயதுவந்தோரின் இசைவான தன்பாலுறவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் குற்றமற்றதாக்கியது. நமக்கோ 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு வேறு.

இறுதியில், தத்தெடுத்த குழந்தைக்கான சடங்கில் துணைவர்களுக்கும் இடமளிக்கப்படுகிறது. நெகிழ்ச்சியான காட்சிதான், மறுப்பதற்கில்லை. எனினும் அங்கே விரிவடைவது குடும்பத்தின் பந்தி மட்டுமே. அவ்விருவரையும் பொய்மணத்துக்குத் தள்ளிய குடும்பம் குலையாமல் அப்படியே அமர்ந்திருக்கிறது.