ஒருநாள் கிண்ணமும் முன்கள வீரனும்

தில்லையடியிலும் புத்தளம் கரையோரத்து மற்ற ஊர்களிலும் ஒரு பையன் உதைபந்தாட்ட முன்கள வீரனாகப் பெயரெடுப்பது பெரும்பாலும் விலகல் முறைச் சுற்றுப்போட்டியில்தான். அணிக்கு எழுவர், பாதிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், சமநிலை என்றால் பெனால்டி. காலையில் தொடங்கிய போட்டி மின்னொளியில் முடியும்போது, நாலைந்து கோல் அடித்த பதினாறு வயதுப் பையனை ஊரே பேசும். அடுத்த வாரம் வேறொரு கழகம் அவனை இரவலாகக் கேட்கும். அவனுடைய முதல் சில ஆண்டுகள் இப்படியே கழிகின்றன. அந்த ஆண்டுகளில் அவனுக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காமல் போவது என்ன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கிடைப்பதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. சிறிய மைதானத்தில் பந்து அவனிடம் திரும்பத் திரும்ப வருகிறது. யோசிக்க நேரமில்லாததால் முதல் தொடுகையிலேயே அடிக்கப் பழகுகிறான். சோளகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் உயர்த்திய பந்து சொன்ன இடத்தில் இறங்காது. தாழ்வாக, காலோடு கொண்டுபோகும் ஆட்டத்தைக் கரையோரம் தானாகவே கற்றுத் தருகிறது. தன்னைவிடப் பத்து வயது மூத்த தடுப்பாளர்களின் தோளிடியைத் தாங்கும் துணிவும் வந்துவிடுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருமளவில் வந்து குடியேறிய பகுதி இது. உடைமை இழந்து வந்தவர்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் அதிகச் செலவில்லாமல் ஒரே அணியில் நிற்க முடிந்த இடங்களில் மைதானமும் ஒன்று. இதற்காகவே இந்தப் போட்டிகளை நான் மதிக்கிறேன்.

ஆனால் முன்கள வீரனின் தொழிலில் பாதி பந்து இல்லாத நேரத்தில் நடக்கிறது. எழுவர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஓஃப்சைட் விதி கிடையாது. கோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பந்துக்குக் காத்திருக்கலாம். பதினொருவர் ஆட்டத்துக்குப் போன அன்றே அந்தப் பழக்கம் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. கடைசித் தடுப்பாளனின் தோளுக்குப் பின்னால் நின்று, பந்து அனுப்பப்படும் கணத்தில் ஓடத் தொடங்குவதும், சகவீரனுக்கு இடம் திறக்கத் தன் இடத்தை விட்டு விலகுவதும் அவனுக்குப் புதிது. எண்பதாவது நிமிடத்தில் வரும் ஒரேயொரு வாய்ப்புக்காகப் பொறுமையோடு காத்திருக்கவும் அவன் பழகியிருக்க மாட்டான். இரவல் வீரனாக வாரத்துக்கொரு அணியில் ஆடுபவனுக்கு நிரந்தரக் கூட்டாளி ஒருவன் அமைவதில்லை. பக்கத்தில் ஆடுபவன் பந்தை எந்தக் காலால் அனுப்புவான் என்பது தெரிவதில்லை.

உடலின் கணக்கு இன்னும் கவலை தருகிறது. இறுகிய தரையில் ஒரே நாளில் நாலைந்து ஆட்டம். வென்றால்தான் அடுத்தது என்பதால், வலித்தாலும் பையனை வெளியே எடுக்க யாருக்கும் மனம் வராது. எல்லா வசதியும் இருந்த லிவர்பூலிலேயே மைக்கேல் ஓவன் 1999 ஏப்ரலில், பத்தொன்பது வயதில், பின்தொடைத் தசை கிழிந்து விழுந்தார். 2001 இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதைப் பெற்றபோதும் பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். வேகத்தை நம்பி ஆடும் பையனின் பின்தொடையைக் கவனிக்க நம் மைதானங்களில் ஐஸ்கட்டிக்கு மேல் ஒன்றுமில்லை.

எழுவர் ஆட்டம் பிழை என்றால் மலபாரில் வீரர்களே உருவாகியிருக்கக்கூடாது. அங்கே அது பெரும் திருவிழா. மலப்புறத்து ஆஷிக் குருணியன் சிறுவயதில் அந்த ஆட்டம் ஆடியவர்தான். பிறகு அகாடமிக்குப் போய், ஸ்பெயினின் வியாரியால் கழகம் வரை பயிற்சிக்குச் சென்றார். தமிழ்நாட்டின் கண்டனூரில் 2001 இல் பிறந்த சிவசக்தி நாராயணனையும் பாருங்கள். பெங்களூரு எஃப்.சி.யின் இருப்பு அணியில் ஆடிப் பழகிய பிறகே முதல் அணிக்கு வந்தார். 2022 டூரண்ட் கிண்ண இறுதிப்போட்டியில் கோல் அடித்தார். 2022-23 இந்தியன் சுப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் ஆறு கோல்களும் வளரும் வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தன. இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரியை மாற்று வீரராக உட்காரவைத்துவிட்டு அந்த இளைஞனை ஆடவிட்டார் பயிற்சியாளர். அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியில் தொடக்க நிமிடங்களிலேயே காயப்பட்டு வெளியேறினார் என்பதும் உண்மை. முன்கள வீரனின் வாழ்வு எங்கும் பாதுகாப்பானதல்ல. ஆனால் அவருக்கு மோசமான ஒரு நாளுக்குப் பிறகு அடுத்த வாரம் இன்னோர் ஆட்டம் இருந்தது. நம் பையனுக்கு மோசமான நாள் என்றால் போட்டியே முடிந்துவிடுகிறது.

நம்மிடம் இல்லாதது அந்த அடுத்த வாரம்தான். 2021 இல் பத்து அணிகளோடு தொடங்கிய இலங்கையின் சுப்பர் லீக் அடுத்த ஆண்டே தொடரவில்லை. அந்தப் பத்தில் புத்தளம் மாவட்டத்துக்கென்று இருந்தது தெற்கு முனையில் வென்னப்புவவின் நியூ யங்ஸ் மட்டும். வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றும் இல்லை. இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகள் மூன்று. ஆட்டத்தோடு சம்பளமும் வேண்டும் என்பவனுக்குச் சீருடை ஒரு வழி, வளைகுடா விமானம் மற்றொரு வழி. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியும் வைத்திருந்தது. பதினெட்டு வயதுக்காரனுக்கு ஏழு மாதம் பெரிய காலம். இதற்கிடையே தேசிய அணி கோலுக்காக நம்பியது பெர்லினில் பிறந்து ஜேர்மன் கழகங்களில் வளர்ந்த வசீம் ராசிக்கை. 2021 இல் லெபனானுக்கு எதிராக இரண்டு, மாலைதீவுக்கு எதிராக நான்கு கோல்கள் அடித்தார். அவர் வந்தது நல்லதே. அவருடைய திறமைக்குப் பின்னால் வாராவாரம் ஆடிய இளையோர் பருவங்கள் இருக்கின்றன என்பதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டோம்.

சுற்றுப்போட்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றுக்குப் பரிசும் ஒலிபெருக்கியும் மின்விளக்கும் தர முன்வரும் கடைக்காரர்களும் வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்களும் அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான லீக் ஒன்றுக்குத் தரலாம். கற்பிட்டி, பாலாவி, தில்லையடி, புத்தளம் நகரம், முந்தல் என்று ஆறேழு அணிகள் போதும். பதினொருவர் ஆட்டம், ஓஃப்சைட் விதியோடு, ஒருவர் ஒரு அணிக்கு மட்டும், வாரம் ஓர் ஆட்டம். சாதாரண தரப் பரீட்சை மாதத்தில் இடைவேளை. மத்தியஸ்தர் கட்டணம், பஸ் கூலி, ஒரு முதலுதவிக்காரர்: முதல் ஆண்டுக்கு இவ்வளவே தேவை. கோல் அடிக்காமல் மூன்று வாரம் தவித்த பையனை நாலாவது வாரமும் பெயர்ப்பட்டியலில் எழுத ஒரு பயிற்சியாளருக்கு அப்போது இடமிருக்கும்.